நாவின் முடிச்சும் மதியின் இறுக்கமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவர் சேர்க்கை நடைபெற்றுக்கொண்டிருந்த ஒரு ஜூன் மாதம். கோடை தணிந்து, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்குள் புகுந்திருந்த நாள். தாயார் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம் துறைக்கு வந்தார். மேனிலைத் தேர்வில் தேறிய மகனுக்கு இளங்கலைத் தமிழில் இடம் வேண்டும் என்றார். மகனோ நம்மை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நாம் கூறிய ஸலாமுக்கு மறுமொழியும் கூறவில்லை. நேரே அறிவிப்புப் பலகையருகே சென்று, முதல்நாள் நாம் ஒட்டியிருந்த தாளில் ஓரிடத்தில் விரலை வைப்பதும் எடுப்பதும் மீண்டும் அங்கேயே வைப்பதுமாக நின்றார். அவருக்கு ஆட்டிசம் உண்டு என்று தாயார் தாழ்ந்த குரலில் சொன்னார்.

உடனே நாம் கேட்ட கேள்வி இது: "அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுங்களா?" மகன் மூன்றடி தொலைவில் நிற்க, தாயைப் பார்த்துக் கேட்டோம். பிறகு, யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பிவைத்தோம். அவர்கள் மீண்டும் வரவில்லை. நாமும் தேடிச் செல்லவில்லை.

மறுநாள் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் அந்தத் தாளைக் காட்டி, "ஐயா, 'தமிழ் துறை' என்று இருக்கிறது, ஒற்று விட்டுப்போயிற்று" என்றார். அந்த இளைஞர் விரல் வைத்த இடமும் அதுதான். நாமே எழுதி, நாமே மெய்ப்புப் பார்த்து, நாமே ஒட்டிய தாள்!

தாளில் 'த்' ஒன்றைச் சேர்த்துப் பிழையைத் திருத்திவிட்டோம். ஆனால், பேசாதவரைக் கண்டதும் அறியாதவர் என்று முடிவுகட்டிய நம் மனத்தின் பிழையைத் திருத்துவது அத்துணை எளிதாக இல்லை. அப்பிழை நம் ஒருவருடையது மட்டுமன்று என்று கருதுவதாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பேச்சை அறிவின் அளவுகோலாகக் கொள்வது நம் மக்களிடம் ஊறிய வழக்கம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோம். நம் கொங்கு நாட்டில் ஒரு பிள்ளையை மெச்ச வேண்டுமானால் 'விவரமான பையன்' என்போம். இகழ வேண்டுமானால் 'விவரம் பத்தாது' என்போம். அந்த 'விவரம்' என்பது யாது? வந்தவரை முகம் பார்த்து வரவேற்பது, கேட்ட கேள்விக்குச் சட்டென்று விடை சொல்வது, கடையில் நின்றால் நாலு வார்த்தை பேசி வியாபாரத்தை முடிப்பது. வணிகமும் ஆலைத்தொழிலும் தழைத்த ஊரில் இவை வேண்டப்படும் திறன்களே. ஆயினும் இவை அறிவின் ஒரு கூறேயன்றி அறிவு முழுவதும் ஆகா.

பண்டைத் தமிழர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றின் 28ஆம் பாட்டு, மக்கட் பிறப்பின் குறைகள் எட்டினை எண்ணுகிறது. அவ்வெட்டில் பேச இயலாமையைக் குறிக்கும் 'ஊம்' என்பதும், அறிவு மயங்கியிருத்தலைக் குறிக்கும் 'மருள்' என்பதும் தனித்தனியே வருகின்றன. அத்தகு பிறப்புகளைப் பயனற்றவை என்று கருதும் அப்பாட்டின் நோக்கை இன்று நாம் ஏற்பதற்கில்லை. எனினும், வாய் பேசாமை வேறு, அறிவு மயங்குதல் வேறு என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட புலவர் பிரித்து எண்ணியதை, பட்டம் பெற்ற நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

அக்குழப்பத்திற்கு இற்றைநாள் கலைச்சொல்லும் துணைபோகிறது. 'ஆட்டிசம்' என்பது, 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அதில் அறிவைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. தமிழிலோ அதனை 'மதியிறுக்கம்' என்று வழங்குகிறோம். அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று நீட்டியும் எழுதுகிறோம். பெயரிலேயே மதி இறுகிவிட்டது, சிந்தனையும் அற்றுப்போயிற்று. உண்மையில் ஆட்டிசமுடையோர் பலருக்குப் புறவுலகம் அளவுக்கு மீறி வந்து மோதுகிறது. நமக்குக் கேளாத குழல்விளக்கின் இரைச்சல் அவர்களைத் துன்புறுத்தும். கலியாண மண்டபத்து ஒலிபெருக்கி அவர்களைக் காதைப் பொத்திக்கொண்டு ஓடச் செய்யும். புறவுலகை மிகுதியாக உணர்வோரைப் புறவுலகச் சிந்தனையற்றோர் என்பது பொருந்துமா? நல்லதொரு தமிழ்ச்சொல் அமையும்வரை ஆட்டிசம் என்றே எழுதுவது நேர்மை என்பது நம் கருத்து. தமிழாசிரியர் பிறமொழிச் சொல்லுக்குப் பரிந்து பேசலாமா என்று சிலர் சினக்கக்கூடும். 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விடுத்து 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை ஏற்ற தமிழ், இதற்கும் ஒரு மாண்புமிக்க சொல்லைத் தரும். அதைத் தேடும் பொறுப்பு நம் போன்ற துறைகளுக்கு உண்டு.

இனி மருத்துவ வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 1943ஆம் ஆண்டு பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்னும் நிலையை மருத்துவ உலகம் அடையாளம் காண வழிகோலியது அக்கட்டுரை. பதினொருவருள் எண்மர் பேசினர், மூவர் பேசவில்லை. சிலர் ஏற்கெனவே அறிவு குன்றியோர் என்று முத்திரை குத்தப்பட்டு அவரிடம் வந்தவர்கள். ஆனால் கானர் அக்குழந்தைகளிடம் நல்ல அறிவாற்றலுக்கான அறிகுறிகளையும் வியத்தகு நினைவாற்றலையும் கண்டு பதிந்தார். ஆக, ஆட்டிசத்தின் பிறப்புச் சான்றிதழிலேயே இந்த எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது எனலாம். உலகம் அதைப் படிக்க மறந்தது.

நுண்ணறிவுச் சோதனைகள் இதைத் தெளிவாக்கியிருக்க வேண்டாவா என்று மாணவர்கள் கேட்கலாம். 1905இல் பிரான்சு நாட்டு ஆல்ஃபிரட் பினே இத்தகு சோதனையை வகுத்தபோது அவர் கருதியது, பள்ளியில் தனித்த உதவி வேண்டும் பிள்ளைகளைக் கண்டறிவதையே. பிற்காலத்தார் அதைப் பிள்ளைகளைத் தரம் பிரித்து ஒதுக்கும் முறமாக்கிக் கொண்டனர். மேலும், பெருவழக்கிலுள்ள சோதனைகளில் பல பகுதிகள், சோதிப்பவர் வாயால் கேட்கப் பிள்ளை வாயால் விடை சொல்பவை. ரேவன் என்பாரின் சோதனையோ வேறு வகைத்து. அதில் வடிவங்களின் வரிசையைப் பார்த்து, விடுபட்ட வடிவத்தைச் சுட்டினால் போதும். 2007இல் கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வுக்குழு ஒன்று, ஆட்டிசமுடைய 38 குழந்தைகளுக்கு இருவகைச் சோதனையையும் வைத்தது. வாய்மொழிப் பகுதி மிகுந்த வெக்ஸ்லர் சோதனையைவிட ரேவன் சோதனையில் அவர்கள் நூற்றுமானத் தரவரிசையில் சராசரியாக 30 இடங்கள் உயர்ந்து நின்றனர். அக்குழுவின் முதன்மை ஆய்வாளர் மிச்செல் டாசன், தாமே ஆட்டிசமுடையவர். குழந்தை அதே குழந்தைதான். மாறியது அளவுகோல் ஒன்றே.

இவ்வாறு கூறுவதால், ஆட்டிசமுடைய ஒவ்வொருவரும் மறைந்திருக்கும் மேதை என்று மறுகோடிக்குத் தாவிவிடக்கூடாது. அதுவும் ஒரு பிழையே. 1988இல் வந்த 'ரெயின் மேன்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் உலகெங்கும் அந்த எண்ணத்தை விதைத்தது. அப்படத்திற்குத் தூண்டுதலாயிருந்த கிம் பீக் என்பவர் ஆட்டிசமுடையவரல்லர் என்று பின்னர் மருத்துவர் கூறியது பலரைச் சென்றடையவில்லை. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பில், நுண்ணறிவு அளவு அறியக்கிடைத்த ஆட்டிசமுடைய எட்டு வயதுக் குழந்தைகளுள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் 70 அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட அளவினர். அஃதாவது, பத்தில் நால்வருக்கு அறிவு வளர்ச்சியிலும் துணை தேவைப்படுகிறது. அறுவருக்கு அக்குறை இல்லை. எல்லாரும் மந்தமானவர் என்பதும் பொய். எல்லாரும் மேதை என்பதும் பொய்.

'உள்ளே மேதை இருக்கிறான்' என்று நம்பத் துடிக்கும் பெற்றோரின் ஏக்கத்தைத் தவறான முறைகளும் பயன்படுத்திக்கொண்டன. குழந்தையின் கையைப் பிறர் பற்றி எழுத்துகளைச் சுட்டச் செய்யும் முறை ஒன்று 1990களில் பரவியது. முறைப்படி சோதித்தபோது, வெளிவந்த சொற்கள் குழந்தையுடையவை அல்ல, கைபிடித்தவருடையவை என்று தெரிந்தது. மாறாக, பேச்சு மிகக் குறைவாக இருந்தும் எழுத்தில் சிறந்து விளங்குவோரும் உண்டு. 1989இல் பிறந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாயா தாயாரிடம் பயின்று எழுதிய முதல் நூலை 2000ஆம் ஆண்டு பிரிட்டனின் தேசிய ஆட்டிசச் சங்கம் வெளியிட்டது. எனினும் அத்தாயாரின் பயிற்றுமுறையை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக்குவதற்குச் சான்று போதாது என்று 2018இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்பியல் சங்கம் எச்சரித்தது. ஒரு பிள்ளையின் வழி மற்றொரு பிள்ளைக்கு வழியாகிவிடாது. ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்துகொள்வதற்குக் குறுக்குவழி இல்லை.

ஒருவரிடத்தே ஆற்றல்கள் சமமாக அமைவதில்லை என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன், கணக்கில் ஆழ்ந்து மற்றப் பாடங்களில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவரே 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அவருக்கும் ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று எழுதுவோர் உளர். மறைந்தவருக்கு மருத்துவச் சீட்டு எழுதுவது நம் பணியன்று. எல்லாப் பாடங்களையும் கூட்டி ஒரே எண்ணால் மனிதரை அளக்கும் முறையில், மலையும் மடுவும் சமவெளியாகத் தோன்றும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

சமுதாயப் பெரியோர் நன்கறிந்த ஒரு வரலாற்றை இங்கே நினைவுகூர்தல் தகும். மூஸா நபி (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது, தம் நாவிலுள்ள முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் வேண்டியதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. தம்மினும் தெளிவாகப் பேசவல்ல சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறும் அவர்கள் வேண்டினார்கள். இறைவன் நாவன்மை மிக்கவரைத் தலைவராக்கி மற்றவரை விலக்கவில்லை. முடிச்சுடைய நாவினரையே முன்னிறுத்தி, நாவன்மையுடையவரைத் துணையாக்கினான். தெளிவாகப் பேச மாட்டாதவர் என்று மூஸா நபியை எள்ளியவன் யார்? ஃபிர்அவ்ன்! நாவைக் கொண்டு மனிதரை அளக்கும் அளவுகோல் யாருடைய கையில் இருந்தது என்பதை எண்ணுந்தோறும், அந்த ஜூன் மாதத்து நாள் நினைவுக்கு வந்து நம்மை நாணச் செய்கிறது.

கல்லூரிகள் என் செய்யலாம்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில், குறைந்தது 40 விழுக்காடு மாற்றுத்திறன் சான்று பெற்றோருக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கவும் அது பணிக்கிறது. ஆகவே இடம் கேட்டு வருபவர் இரக்கம் கேட்டு வரவில்லை. உரிமையைக் கேட்டு வருகிறார். நம் ஊரிலேயே பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலும் அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனத்திலும் சிறப்புக் கல்வி பயிற்றுவிக்கப்படுகிறது. நம் ஆசிரியர்கள் அங்குள்ளோரை அழைத்து ஒருநாள் கேட்டறிவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாய்மொழித் தேர்வுக்கு ஈடாக எழுத்துத் தேர்வு, இரைச்சலற்ற ஓர் அறை, கேள்வி கேட்டபின் சற்றே கூடுதலாகக் காத்திருத்தல் ஆகியவையும் நம் கைக்கு எட்டாதவையல்ல. எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று: அவரைப் பற்றிய கேள்வியை அவரிடமே கேட்டல்.

இறுதியாக ஓர் ஐயத்தை நம்மிடமே எழுப்பிக்கொள்கிறோம். அவ்விளைஞர் அந்த ஒற்றுப்பிழையைச் சுட்டியிராவிட்டால் நாம் வருந்தியிருப்போமா? அவர் வெறுமனே பலகையைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தால், நாம் அவரை நடத்திய முறை சரியென்றாகிவிடுமா? ஆகாது. மனிதரின் மாண்பு அவர் அறிவாளி என்று மெய்ப்பித்த பிறகு தரப்படும் பரிசன்று. அறிவு மிக்கவராயினும், அறிவு வளர்ச்சியில் துணை வேண்டுபவராயினும், முகம் நோக்கி ஸலாம் சொல்லி அவர் பெயரைக் கேட்டிருக்க வேண்டும். நாம் அன்று அவர் பெயரைக் கூடக் கேட்கவில்லை.

அவர் வேறொரு கல்லூரியில் தமிழே படித்தார் என்று பின்னாளில் கேள்வியுற்றோம். எங்கிருந்தாலும் நலமாக இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை அறிவிப்பை ஒட்டுமுன் 'தமிழ்த் துறை' என்ற சொல்லில் விரல் வைத்துப் பார்க்கிறோம். அடுத்த ஜூனில் அப்படியொரு பிள்ளை நம் வாசலுக்கு வந்தால், இத்துறை ஆசிரியரும் மாணவரும் அவரிடமே முதற்கேள்வியைக் கேட்பார்களாக. விடை வரும்வரை காத்திருப்பார்களாக.