தொடரில் வந்த மருந்து எங்கே கிடைக்கும், டாக்டர்?

பழைய டி.வி. தொடர்களை மறுபடி உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 2020-ல் ஊரடங்கு போட்டார்கள் இல்லையா, அப்போது சூடு பிடித்தது இது. அந்த வருடம் மார்ச் 28-ம் தேதி தூர்தர்ஷன் 'ராமாயண'த்தை மறுபடி போட ஆரம்பித்தது. 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவையே காலி பண்ணிய அதே தொடர்தான். இந்தி ஒரு வார்த்தை தெரியாமலே நம்ம ஊர்ப் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதன் பின்னாலேயே 'மகாபாரதம்', 'சக்திமான்' என்று வரிசையாக வந்தன. ஊரடங்கு போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. டி.வி.யில் வராவிட்டால் என்ன, கையில்தான் யூடியூப் இருக்கிறதே!

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் இப்படித் தேடிப் பார்க்கப்படுவதில் முதல் இடம் 'மர்மதேச'த்துக்குத்தான் என்பது என் கணிப்பு. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. 'ரகசியம்', அப்புறம் 'விடாது கருப்பு'. 1990-களில் சன் டி.வி.யில் வாரத்துக்கு ஒரு பகுதியாக வந்தது. நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, இங்கே போர்டு மாட்டி உட்கார்ந்த புதிது. அந்த நேரம் வந்தால் கிளினிக்கில் ஒரு ஆள் இருக்கமாட்டார். நானும்தான் இருக்கமாட்டேன்!

கரிசல்காட்டு எல்லையில் அரிவாளோடு நிற்கிற கருப்பசாமியை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அவர் குதிரையில் ஏறி டி.வி.க்குள் வந்தபோது பயம் வராமல் என்ன செய்யும்? இன்றைக்கு மறுபடி பார்க்கும்போது எனக்குப் பயம் வரவில்லை. வேறொன்று பிடித்தது. சாமிக் கதையாக நகர்த்திக்கொண்டு போய், கடைசியில் மனநோய் என்கிற விளக்கத்தையும் கொண்டு வந்து வைத்தார்கள். ஒரே உடம்பில் இரண்டு ஆள் போல நடந்துகொள்கிற நோய் ஒன்று உண்டு என்பதை எங்கள் பக்கத்தில் பல பேர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அந்தத் தொடரில்தான் என்று நினைக்கிறேன்.

சரி, இப்படிப் பழசையே பார்த்துக்கொண்டு இருப்பது நல்லதா, கெட்டதா? நல்லது என்றுதான் நான் சொல்வேன். ஒரு காலத்தில் ஏக்கத்தையே நோய் என்று எழுதி வைத்தார்கள். 1688-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஜோகன்னஸ் ஹோஃபர், சொந்த ஊரை நினைத்து ஏங்கி மெலிகிறவர்களைப் பார்த்துவிட்டு அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று ஒரு நோய்ப் பெயரையே சூட்டினார். இன்றைக்குக் கணக்கு மாறிவிட்டது. மறதி நோய் வந்த முதியவர்களுக்குப் பழைய பாட்டு, பழைய படங்களைக் காட்டிப் பேச வைப்பது ஒரு சிகிச்சை முறையாகவே நடக்கிறது. பலன் கொஞ்சம்தான். ஆனால் உண்டு.

கணவரை இழந்த ஒரு அம்மாவை அவருடைய மகள் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா யாரோடும் பேசுவதில்லை. பழைய தொடர் ஏதாவது போட்டால் மட்டும் பார்ப்பாராம், பார்த்துப் பார்த்து அழுவாராம். "டாக்டர், அந்த டி.வி.யை நிப்பாட்டிரவா?" என்று கேட்டார் மகள். "வேண்டாம்மா, அழட்டும். நீங்களும் பக்கத்துல உக்காந்து பாருங்க" என்றேன். அந்தத் தொடரை அவர்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். அழுகை தொடருக்காக இல்லை.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. உடம்பு தானாக வெளிப்படுத்துகிற, நாம் அடக்கக் கூடாத விஷயங்கள். தும்மல், கொட்டாவி, இருமல், பசி, தாகம் என்று போகிற அந்தப் பட்டியலில் கண்ணீரும் இருக்கிறது. அழுகையை அடக்கினால் நோய் வரும் என்று நம் முன்னோர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதே பட்டியலில் தூக்கமும் இருக்கிறது! சிக்கல் அங்கேதான். அன்றைக்கு வாரத்துக்கு ஒரு பகுதி. பார்த்து முடித்தால் மீதி ஆறு நாளும் பேச்சுதான். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டிக்கொண்டே, "அந்தக் குதிரையில வர்றது யாரா இருக்கும்?" என்று பெண்கள் துப்பறிவார்கள். இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்குக் கைபேசியை எடுத்தால் ஒன்று, அடுத்தது, அடுத்தது என்று மூன்று மணி வரை ஓடுகிறது. காலையில் தலைவலி, வாய்க்கசப்பு, மலச்சிக்கல். பித்தம் என்று என்னிடம் வருகிறார்கள். பித்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குச் சூரணம் எதற்கு? ராத்திரிக்கு ஒரு பகுதி, அதுவும் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள். மீதியை நாளைக்கு வையுங்கள். காத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது என்பது உங்களுக்கே ஞாபகம் வரும்.

அடுத்து, "பிள்ளை எப்பப் பார்த்தாலும் மந்திரக் கதையே படிக்கிறான், டாக்டர். மண்டை கெட்டுப்போகுமா?" என்கிற கேள்வி. கெடாது. இடைசெவல் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே பிறந்த கி. ராஜநாராயணன் சேகரித்து வைத்த நாட்டுப்புறக் கதைகளைப் புரட்டிப் பாருங்கள். பேய், பூதம், பேசுகிற மிருகம் எல்லாம் உண்டு. வானம் பார்த்த பூமியில், களத்துமேட்டில் படுத்துக்கொண்டு கேட்ட கதைகள் இவை. அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் புத்தி கெட்டா போனார்கள்? அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்தானே, அதைப் படித்தவர்கள்தானே இன்றைக்குத் தாத்தா பாட்டியாக இருக்கிறீர்கள்!

அந்தத் துணிச்சலில்தான் நானும் ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தைப் படித்தேன். இங்கிலாந்தில் 1997-ல் வந்த புத்தகம். தமிழிலும் 'ரசவாதக் கல்' என்று தலைப்பில் போட்டு வந்திருக்கிறது. சித்த வைத்தியனுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? உள்ளே போனால் எனக்கு மாமன் வீட்டுக்குப் போனது மாதிரி இருந்தது! நிக்கோலஸ் ஃபிளமெல் என்று ஒருவர் வருகிறார். கதையில் அவருக்கு அறுநூறு வயதுக்கு மேல். நிஜத்தில் அவர் பாரிஸ் நகரத்தில் எழுத்துவேலை பார்த்து, 1418-ல் காலமான மனிதர். நம் சித்தர்கள் காயகற்பம் உண்டு நூற்றுக்கணக்கான வருடம் இருந்தார்கள் என்று நாம் சொல்கிறோமே, அதே ஆசைதான் அங்கேயும்.

முதல் மருந்து வகுப்பிலேயே அந்தப் பையனிடம் ஆசிரியர் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். 'மாங்க்ஸ்ஹுட்' என்பதும் 'உல்ஃப்ஸ்பேன்' என்பதும் வேறு வேறா என்று ஒரு கேள்வி. இரண்டும் ஒரே செடி. அதன் இனத்தைச் சேர்ந்ததுதான் நம் மருந்துக்கடை நாவிக்கிழங்கு. வச்சநாபி என்றும் சொல்வோம். பச்சையாக உள்ளே போனால் நாக்கு மரத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போய்விடும். நாங்கள் அதைப் பசுவின் சிறுநீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, வெயிலில் வைத்துச் சுத்தி செய்த பிறகுதான் தொடுவோம். ஊறவைப்பதிலும் வேகவைப்பதிலும் அந்த நஞ்சு சிதைந்து வீரியம் குறைகிறது என்று இன்றைய வேதியியலும் சொல்கிறது. கதையில் மருந்தின் பெயர் வரும். சுத்தி வராது. கதைக்கு அது வேண்டியதில்லை, வைத்தியத்துக்கோ அதுதான் பாதி வேலை.

இன்னொரு கேள்வி, 'பெசோவார்' கல் எங்கே கிடைக்கும் என்பது. ஆட்டின் வயிற்றில் உருவாகிற கல், பெரும்பாலான விஷங்களை முறிக்கும் என்கிறது கதை. மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுக்கிற நம் கோரோசனைக்கு இது தூரத்து உறவு. இந்த நம்பிக்கை அந்த எழுத்தாளரின் கற்பனை இல்லை. ஐரோப்பாவில் ராஜாக்களே அந்தக் கல்லைப் பொன் கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் சார்லஸிடமும் ஒன்று இருந்தது. அரண்மனை மருத்துவர் அம்புரோஸ் பாரே, "எல்லா விஷத்துக்கும் ஒரே முறிவு என்பது நடக்காத காரியம்" என்று வாதாடினார். வெள்ளிப் பாத்திரம் திருடி மரண தண்டனை பெற்ற ஒரு சமையற்காரர் இருந்தார். விஷம் சாப்பிட்டு, கல்லையும் சாப்பிடு, பிழைத்தால் விடுதலை என்றார்கள். ஒத்துக்கொண்டார். சில மணி நேரம் துடித்துச் செத்தார். அவருக்குக் கொடுத்தது என்ன விஷம் தெரியுமா? பாதரசத்தின் உப்பு ஒன்று. நாங்கள் 'வீரம்' என்று சொல்வோமே, அதே சரக்கு.

வீரம் என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். 'ரகசியம்' தொடரில் கதையின் மையமே நவபாஷாண லிங்கம்தான். கதையாக அது பிரமாதம், இன்றைக்கும் அலுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது ஓடியபோதும், இப்போது மறுபடி ஓடும்போதும், என் கிளினிக்குக்கு ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "நவபாஷாணம் எங்க டாக்டர் கிடைக்கும்?"

பாஷாணம் என்றால் விஷம் என்றுதான் அர்த்தம். சித்த நூல்கள் இயற்கையில் கிடைப்பது 32, செய்து எடுப்பது 32 என்று அறுபத்து நாலு பாஷாணம் சொல்கின்றன. நவபாஷாணத்தில் எந்த ஒன்பது என்பது நூலுக்கு நூல் மாறும். வீரம், பூரம், லிங்கம் என்று பாதரசச் சரக்குகளும், தாளகம், வெள்ளைப் பாஷாணம் போன்ற ஆர்செனிக் சரக்குகளும் அந்தக் கூட்டத்தில் வரும். பழநி மலை மேல் இருப்பது போகர் செய்த நவபாஷாணத் திருமேனி என்பது நம் பக்தி. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் 'நவபாஷாண மணி' என்று கடையில் விற்கிறானே, ராத்திரி தண்ணீரில் போட்டுக் காலையில் குடிக்கச் சொல்கிறானே, அதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லாத வெறும் கல்லாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், காசோடு போயிற்று. நிஜமாகவே பாஷாணம் இருந்து, அது சரியாகக் கட்டப்படாமல் தண்ணீரில் கரைந்தால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதரசமும் ஆர்செனிக்கும் குடிக்கிறீர்கள். சிறுநீரகம் சத்தம் போடாமல் கெடும். கை கால் மரத்துப்போகும்.

சர்க்கரை நோயாளி ஒருவர். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து மணி வாங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டு, நாலு மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். கால் கட்டைவிரலில் புண்ணோடுதான் வந்தார். "சித்த மருந்துதானய்யா, பக்கவிளைவு இல்லைன்னு சொன்னாங்க" என்றார். விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று.

எனக்குக் கோபம் தொடர் எடுத்தவர்கள் மேல் இல்லை. அவர்கள் கதை என்று சொல்லித்தான் கதை காட்டினார்கள். 'சக்திமான்' வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தில் இறங்கியதாக 1990-களின் கடைசியில் செய்திகள் வந்து பெரிய விவாதமானது. ஆனால் பெரியவர்கள் நவபாஷாணத் தண்ணீர் குடிப்பதை யாரும் விவாதிப்பதில்லை. குழந்தைக்குக் கதை எது, நிஜம் எது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறது. ஐம்பது வயதுக்காரருக்கு யார் சொல்வது? நாங்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலிலேயே சில பேர் அந்தத் தொடர்களின் புண்ணியத்தில் தாடி வளர்த்து, குகை படம் போட்டுக் கடை நடத்துகிறார்கள். ஐந்தரை வருடம் உட்கார்ந்து படித்தவன் வயிறு எரிகிறது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லிருந்தே மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. சர்க்கரையைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதும் அதில் குற்றம். யாராவது அப்படிச் சொன்னால் அந்த ஒரு வரியே உங்களுக்கு எச்சரிக்கை.

சித்த மருந்தில் பாதரசமும் பாஷாணமும் சேர்வதே இல்லையா என்று கேட்காதீர்கள். சேர்கிறது. பட்டறிவோடு சுத்தி செய்து, முடித்து, அரிசி எடைக் கணக்கில், நாள் கணக்கு வைத்துக் கொடுப்பது அது. சட்டத்தின் 'இ-1' அட்டவணையில் உள்ள விஷச் சரக்கு சேர்ந்த மருந்து என்றால், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் போட்டே ஆக வேண்டும். லேபிளே இல்லாத பொட்டலத்தில் வந்தால் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் அப்படி ஒரு மணியோ பொடியோ இருந்து, யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்திய ஆங்கில மருந்தை அந்த டாக்டரைக் கேட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். வாயில் உலோக ருசி, ஈறு வீக்கம், விரல் நுனி மரத்தல் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம், அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அந்தப் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே என்ன போயிருக்கிறது என்று டாக்டர் யோசிக்க அது உதவும்.