முனகலைக் கேட்ட இருவர்

சிங்கம் என்றால் வீரம். எட்டு முனை நட்சத்திரம் என்றால் வெள்ளிக் கோள். மாண்டு மீளும் இளைஞன் என்றால் விதையும் அறுவடையும். பழைய நாகரிகங்களின் தெய்வங்களைப் பற்றிய கட்டுரைகள் பலவும் இப்படிப் பொருள் சொல்லும் பட்டியலாக நின்றுவிடுகின்றன. பட்டியல் பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்குள் கதையின் உயிர் அடங்குவதில்லை என்கிறோம். தொன்மங்களுக்கென வரும் இந்த இதழின் வாசலில் சுமேரியத் தெய்வம் இனான்னாவின் கதையை வைக்கிறோம்.

இனான்னா உரூக் நகரத்தின் தெய்வம். காதலுக்கும் போருக்கும் உரியவள். தன் அக்காள் எரெஷ்கிகல் ஆளும் கீழுலகுக்கு அவள் இறங்கிப் போகிறாள். வழியில் ஏழு வாயில்கள். முதல் வாயிலில் மகுடத்தைக் கழற்றிக்கொள்கிறார்கள், ஏழாவதில் உடுத்திய ஆடையை. வெற்றுடம்பாய் உள்ளே போனவள் பிணமாகிக் கொக்கியில் தொங்குகிறாள்.

எதற்காகப் போனாள்? இறந்துபோன கணவன் துமுசியை மீட்க என்றே அறிஞர்கள் நெடுங்காலம் கருதினார்கள். பருவங்களின் சுழற்சிக்கு அந்த விளக்கம் அழகாகப் பொருந்தியது. கதையின் முடிவுதான் கையில் இல்லை. 1889இல் பழைய சுமேரிய நகரமான நிப்பூரில் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த களிமண் பலகைகள் இஸ்தான்புல்லுக்கும் பிலடெல்பியாவுக்கும் பிரிந்து போயிருந்தன. ஒரே பலகையின் ஒரு பாதி அங்கே, மறுபாதி இங்கே. சாமுவேல் நோவா கிரேமர் போன்றவர்கள் பல ஆண்டுகள் துண்டுகளைச் சேர்த்து வாசித்தபோது கதை தலைகீழானது. துமுசியை அவள் மீட்கவில்லை. கீழுலகக் காவலர்களிடம் அவனைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான்.

அவள் மேலே வரவேண்டுமானால் ஒரு பதிலாள் போக வேண்டும். அவளுக்காகத் துக்கம் காத்துப் புழுதியில் விழுந்து கிடந்த பணிப்பெண் நின்ஷுபுரைக் காவலர்கள் கேட்டார்கள். இனான்னா கொடுக்க மறுத்தாள். துமுசியோ பகட்டான ஆடை உடுத்தி அரியணையில் அமர்ந்திருந்தான். அவன்மீது அவளுடைய மரணப் பார்வை விழுந்தது. பின்னர் ஆண்டில் பாதி அவனும் மறுபாதி அவன் சகோதரி கெஷ்தினான்னாவும் கீழுலகில் இருப்பதென்று முடிவாகிறது.

பருவங்களின் சுழற்சி இதில் இருக்கிறது. அதற்கும் அடியில் இருப்பது துக்கம். இனான்னாவை மீட்கச் சொல்லி நின்ஷுபுர் கெஞ்சியபோது தெய்வங்களான என்லிலும் நன்னாவும் கைவிரித்தார்கள். என்கி என்ற தெய்வம் மட்டும் மனம் கலங்கித் தன் நகக்கண் அழுக்கை எடுத்து இரண்டு சிற்றுயிர்களைப் படைத்தான். அவை ஈயைப் போலக் கீழுலகுக்குள் நுழைந்தன. அங்கே பிள்ளைத்தாய்ச்சியைப் போல வலியில் முனகிக் கிடந்தாள் எரெஷ்கிகல். அவள் தன் வயிற்றை நினைத்து முனகினால் அவையும் அவள் வயிற்றுக்காக முனகின. மரணத்தின் அரசிக்கும் வலி உண்டென்று அதுவரை யாரும் கேட்டதில்லை. நெகிழ்ந்துபோனவள் ஆற்று நீரையும் வயல் நிறைந்த தானியத்தையும் தர முன்வந்தாள். அவை பிணத்தை மட்டும் கேட்டு வாங்கின.

துக்கம் காத்தவள் காப்பாற்றப்பட்டாள். துக்கம் காக்காதவன் பறிபோனான். அவனுக்காகப் பெண்கள் அழுத அழுகையோ நூற்றாண்டுகளைக் கடந்தது. எருசலேம் ஆலய வாசலில் தம்மூசுக்காக அழுத பெண்களை எசேக்கியேல் நூலில் நம் வாசகர்கள் கண்டிருப்பார்கள். அந்தத் தம்மூஸ் இந்தத் துமுசிதான். ஈராக்கில் இன்றும் ஜூலை மாதத்தின் பெயர் தம்மூஸ்.

தொன்மத்தை அணுகுகிறவருக்கு அந்த நகக்கண் உயிர்களைவிட நல்ல ஆசான்கள் இல்லை என்று நம்புகிறோம். அவை எதற்கும் பொருள் சொல்லவில்லை. முனகலுக்குக் காது கொடுத்தன, அதனால் இனான்னா உயிர்த்தாள். இவ்விதழின் பக்கங்களையும் அந்தக் காதோடு வாசியுங்கள்.