ஊசியும் திரியும் கூதிர்காலமும்

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த தமிழ் மரபில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடக்கு நாடுகளில் மரங்கள் இலையுதிர்க்கும் இம்மாதங்களில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் பெட்டியிலிருந்து வெளியே வரும். வேங்கடத்தின் அடிவாரத்திலோ மழையும் வாடையும் வந்து மனிதரை வீட்டுக்குள் உட்கார்த்தி வைக்கும். கூதிரைக் குறிஞ்சி நிலத்துக்கு உரிய பொழுதாகத் தொல்காப்பியம் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்பதை, திருமலைக்கு ஏறும் படிகள் தொடங்கும் அலிபிரியில் ஐப்பசி மாலையில் நிற்பவர் உணர்வர். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் அந்த மலைப்பாதையே மூடப்பட்டது. அத்தகைய நாள்களில் ஊசியும் நூலும் பஞ்சும் துடைப்பமும் கொண்டு வீடுகளில் நடக்கும் வேலைகளைப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெயர் அவ்வேலைகளுக்குப் பொருந்தாது.

பழைய புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நான்கு ஓரமும் பிடித்துத் தைத்து ஆக்கும் தடித்த போர்வைக்குத் தெலுங்கில் பொந்த என்று பெயர். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் அதே போர்வை கௌதி ஆகிறது. இதற்கு வேண்டிய தையல் மிக எளியது. ஊசி துணிக்குள் இறங்கி, சிறிது தூரம் சென்று மேலே வந்து, மறுபடியும் இறங்குகிற ஓட்டுத்தையல் மட்டுமே, பள்ளிச் சிறுமிக்கும் கைவரக்கூடியது. ஆயினும் முழுப் போர்வையையும் அத்தையலால் நிரப்புவதற்குப் பல நாள் பிற்பகல்கள் செல்லும் என்பதாலும், வரிசை தவறினால் துணி சுருங்கி மேலெழும்பும் என்பதாலும், தைப்பவரின் கண் துணியை விட்டு அகலுவதில்லை. கை ஒரே அளவில் ஏறி இறங்குகையில் மூச்சும் அந்த அளவுக்கு வந்து அமைகிறது. வங்காளத்துக் காந்தா வேலையிலும் இதே எளிய தையல்தான். அங்கே பழைய புடவையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலையே மீண்டும் தையலுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. பாட்டியின் புடவை, தந்தையின் வேட்டி, பிள்ளையின் தொட்டில் துணி ஆகிய மூன்றும் ஒரே போர்வையின் மூன்று அடுக்குகளாகும்போது, அதைப் போர்த்திக்கொள்பவருக்குக் கிடைக்கும் சூடு பஞ்சு மெத்தை தரும் சூட்டிலிருந்து வேறானது என்பதை மறுக்க இயலாது. புதியதொன்றைப் படைப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி வேறு, கிழிந்ததைச் சேர்ப்பதில் கிடைக்கும் ஆறுதல் வேறு. கூதிர்காலத்துக் கைவேலை பெரும்பாலும் இரண்டாவதைச் சார்ந்தது.

வியப்புக்குரியது, வீட்டில் துடைப்பமும் ஊசியும் செய்யும் இரு செயல்களை, அதாவது துடைப்பதையும் சேர்ப்பதையும், திருமலைக் கோயிலும் தன் வழிபாட்டுக்குள் வைத்திருப்பதாகும். ஆவணியை ஒட்டி மூன்று நாள் நடக்கும் பவித்திரோற்சவத்தில் பவித்திரம் எனப்படும் நூல்மாலைகள் இறைவனுக்குச் சாத்தப்படுகின்றன. ஓராண்டு முழுவதும் வழிபாட்டில் அறிந்தோ அறியாமலோ நேர்ந்த குறைகளுக்கு இது நிவர்த்தி. நெடுங்காலம் நின்றுபோயிருந்த இவ்விழா 1962இல் மீண்டும் தொடங்கப்பட்டது. விட்டுப்போனதை நூலால் கட்டி நிறைவாக்கலாம் என்ற எண்ணம், ஊசி பிடித்த எந்த வீட்டுக்கும் அந்நியமானதன்று.

அடுத்து, புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை கோயிலாழ்வார் திருமஞ்சனம் நடைபெறும். கோயிலையே ஓர் ஆழ்வாராகக் கருதி நீராட்டுவது என்று பொருள்படும் இத்தமிழ்ப் பெயர் தெலுங்கு நாட்டில் இன்றும் மாறாமல் வழங்குகிறது. மூலவரை நீர் புகாத துணியால் மூடி, சிறு விக்கிரகங்களையும் பாத்திரங்களையும் வெளியே எடுத்து, கூரையும் சுவரும் தரையும் கழுவி, பச்சைக் கற்பூரம், கஸ்தூரி மஞ்சள், சந்தனம், கிச்சிலிக் கிழங்கு முதலியன கலந்த பரிமளம் என்னும் நறுமணக் குழம்பைச் சுவர்களில் தெளிப்பர். பின் மூடிய துணியை அகற்றிப் பூசையும் நைவேத்தியமும் நடக்கும். சன்னிதித் திரைகளைப் புதிதாகத் தைத்துக் காணிக்கையாகத் தருவோரும் உண்டு. யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி என ஆண்டுக்கு நான்கு முறை இது நிகழ்கிறது. நவராத்திரிக்கு முன் பரணைத் துடைத்து, பித்தளையைப் புளியால் விளக்கும் பெண்ணின் உழைப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை எங்கும் தரப்பட்டதாகத் தெரியவில்லை. அதே பிரம்மோற்சவத்துக்காகச் சென்னைச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலமாகத் திருமலைக்கு வரும் பெரிய வெண்பட்டுக் குடைகளிலும் தையற்காரரின் கை இருக்கிறது.

அலிபிரி என்னும் பெயர் அடிப்புளி என்ற சொல்லின் திரிபு என்பர். மலையின் அடியில் நின்ற ஒரு புளியமரமும், அதன் நிழலில் திருமலை நம்பியிடம் இராமானுசர் இராமாயணப் பொருள் கேட்ட வைணவ மரபும் அப்பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. இங்கிருந்து மேலே 3550 படிகள், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். நேர்ந்துகொண்ட பெண்கள் ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நிமிர்ந்து, அடுத்த படிக்குச் செல்கின்றனர். இதைக் கீழிருந்து பார்க்கும்போது ஓட்டுத்தையலே நினைவுக்கு வருகிறது: இறங்குதல், எழுதல், சிறிது நகர்தல். அடுத்த மழையில் மஞ்சள் கரைந்து ஓடிவிடும் என்பது பூசுகிறவருக்குத் தெரியும். அந்த அறிவு அவர் விரலைச் சிறிதும் தளர்த்துவதில்லை.

கார்த்திகை பிறந்ததும் இவ்வட்டார வீடுகளில் கொட்டை நீக்கிய பஞ்சு முறத்தில் ஏறுகிறது. சிறிது பிய்த்து, விரல்களில் விபூதியோ பாலோ தொட்டு, உள்ளங்கையில் உருட்டினால் ஒரு திரி. தெலுங்கு வழக்கில் கார்த்திகைப் பௌர்ணமியன்று 365 திரிகளை ஒரே கட்டாகக் கட்டி நெய்யில் நனைத்து ஏற்றுவர். விளக்கேற்றத் தவறிய நாள்களுக்கெல்லாம் அந்த ஒரு சுடர் ஈடு என்பது நம்பிக்கை. ஆயத்தமாகக் கட்டிய கட்டுகள் இன்று பூசைக் கடையில் கிடைக்கின்றன. ஆயினும் மழை பெய்யும் பிற்பகலில், பேச்சு பாதியும் எண்ணிக்கை பாதியுமாக, மாமியாரும் மருமகளும் முறத்தின் இருபுறமும் அமர்ந்து உருட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. எண்ணிக்கை எங்கோ தவறிவிட்டால், முதலிலிருந்து எண்ணுவதை விட்டு, ஐயத்துக்கு இன்னும் பத்து உருட்டி வைத்துக்கொள்கிறார்கள்.