கடைமடைக்கும் வேண்டும் மருந்து

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் குறுக்கே, கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. தலைமடைக்காரர் தேவைக்கு மேல் நீரைத் திருப்பினால் கடைமடைப் பயிர் கருகும் என்பதை நெல்லைச் சீமை உழவர் நன்கறிவர். பாக்டீரியாக்களை அழிக்கும் மருந்துகளின் ஆற்றலும் அத்தகைய பொதுச்சொத்தே. இன்று அதனை வீணாக்குவோர் வேறு. நாளை அதனை இழப்போர் வேறு.

1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு தம் நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்து உட்கொண்டால் பாக்டீரியாக்கள் அதற்கு அடங்காமல் போகும் என எச்சரித்தார். மருந்து வலுவற்றவற்றை அழிக்கிறது. எதிர்ப்புத்திறன் பெற்றவையோ எஞ்சிப் பெருகுகின்றன. 2019ஆம் ஆண்டில் இத்தகைய தொற்றுகளே உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேரின் இறப்புக்கு நேரடிக் காரணம் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

தளர்ந்த உடல், உடலுள் செருகிய குழாய்கள், இடைவிடாத மருந்துப் பயன்பாடு ஆகிய மூன்றும் கூடுமிடம் மருத்துவமனை. ஆகவே இவ்வகைத் தொற்று அங்கே எளிதில் பரவுகிறது. புதிய மருந்தே தீர்வு என்பர் சிலர். அது வருவதற்குப் பல்லாண்டுகள் ஆகும். பழக்கம் மாறாவிடில் அதுவும் பயனற்றுப் போகும். 1847இல் வியன்னா மருத்துவமனையில் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கைகழுவ வேண்டுமெனச் செம்மல்வெயிசு விதித்தார். பிரசவித்த தாய்மாரின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. கைத்தூய்மையே இன்றும் முதல் அரண்.

எனினும், கைகழுவுமாறு அறிவுறுத்துவது மட்டும் போதாது. நோயாளர் பலரை ஒருவரே கவனிக்கும் செவிலியருக்குக் கைக்கெட்டும் தொலைவில் நீரும் சோப்பும் வேண்டும்; அவற்றைப் பயன்படுத்த நேரமும் வேண்டும். அவற்றை வழங்குவது நிர்வாகத்தின் கடமை.

2012இல் மருத்துவ அமைப்புகள் பல கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், இம்மருந்துகளின் விற்பனையை நெறிப்படுத்தவும் மருத்துவமனைத் தொற்றைக் கட்டுப்படுத்தவும் வலியுறுத்தியது. 2014 மார்ச்சு முதல், குறிப்பிட்ட சில மருந்துகளை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. பழைய சீட்டைக் காட்டி மாத்திரை கேட்போரும், வைரசால் வரும் சளிக்கு இம்மருந்தை வற்புறுத்திப் பெறுவோரும் திருந்தாவிடில், விதி ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

நாளை பிறக்கும் குழந்தையே இம்மருந்தின் கடைமடைப் பயிர். அக்குழந்தைக்குரிய பங்கைக் காப்பது தலைமடையில் நிற்கும் இன்றைய தலைமுறையின் பொறுப்பாகும்.