புகை அங்கேயே அடங்குவதில்லை

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிப் பாடநூல்களும் ஆவணப்படங்களும் நமக்கு ஒரே கதையைத்தான் சொல்லி வந்திருக்கின்றன. 1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2500 மீட்டர் ஆழத்தில் ஆல்வின் நீர்மூழ்கி அந்த ஊற்றுகளைக் கண்டது. இரண்டே ஆண்டுகளில், கிழக்குப் பசிபிக் கடலடி மேட்டில் 350 டிகிரி செல்சியஸ் அளவு சூடான கரிய நீரைக் கக்கும் கனிமக் குழாய்கள் தெரியவந்தன. கதையின் மீதி இதுதான்: அந்தக் கரும்புகை குளிர்நீரில் பட்டதும் உலோகங்கள் அங்கேயே படிந்துவிடும், குழாயைச் சுற்றித்தான் உயிர்கள் இருக்கும், அவற்றுக்குச் சூரியனே தேவையில்லை. ஊற்று ஒரு தனித்தீவு, மற்றக் கடலுக்கும் அதற்கும் உறவில்லை என்பது இதன் சாரம். இந்த மூன்று கூற்றுகளும் நிற்காது.

முதலில் உலோகம். இந்தக் கூற்றில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு காலம் நிலைத்தது. குளிர்ந்த கடல்நீர் கலந்த உடனேயே ஊற்றுநீரின் இரும்பும் கந்தகமும் சேர்ந்து சல்ஃபைடு துகள்களாகின்றன. நாம் புகை என்று சொல்லும் கருமை அதுதான். மிஞ்சிய இரும்பை ஆக்சிஜன் துருவாக்குகிறது. அட்லாண்டிக்கில் இதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஆக்சிஜன் குறைந்த பசிபிக்கில் சில மணி நேரம். ஆழ்கடல் நீரோட்டமோ மிக மெதுவானது. இந்தக் கணக்கை மட்டும் நம்பினால், கரைந்த இரும்பு சில பத்து கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது.

ஆனால் அது தாண்டுகிறது. 1981-இல் ஜான் லப்டனும் ஹார்மன் கிரெய்கும், கிழக்குப் பசிபிக் மேட்டின் ஊற்றுகளிலிருந்து கிளம்பும் ஹீலியம்-3 வாயு மேற்கு நோக்கி 2000 கிலோமீட்டருக்கு மேல் பரவியிருப்பதைக் காட்டினார்கள். ஹீலியம் எதனோடும் வினைபுரியாது, அதனால் போகிறது, இரும்பு போகாது என்று அப்போது பதில் சொல்ல முடிந்தது. 2013-இன் கடைசி மாதங்களில், கடல்நீரின் நுண்ணளவுத் தனிமங்களை ஆராயும் ஜியோடிரேசஸ் திட்டத்தின் அமெரிக்க ஆய்வுக் கப்பல் ஈக்வடாரிலிருந்து தஹீத்தி வரை நீரை அள்ளிச் சோதித்தது. ஜோசப் ரெசிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, ஊற்றின் இரும்பு 4000 கிலோமீட்டருக்கும் அப்பால் அளக்கும்படியாகவே இருந்தது. அந்தப் பதிலுக்கு அதன்பின் இடமில்லை.

எப்படிப் போகிறது என்பதுதான் இன்னும் சுவையான சேதி. இரும்பின் ஒரு பகுதியைக் கரிமச் சேர்மங்கள் பற்றிக்கொண்டு துருவாகாமல் காக்கின்றன. இன்னொரு பகுதி, எளிதில் மூழ்காத அளவுக்கு நுண்ணிய பைரைட் என்னும் இரும்புச் சல்ஃபைடு துகள்களாக மிதந்து செல்கிறது. 2017-இல் வந்த ஆய்வு ஒன்று மற்றொரு தடயத்தைக் கொடுத்தது. ஊற்றிலிருந்து விலக விலக, கரைந்த இரும்பின் படலம் ஹீலியம்-3 படலத்தைவிட ஏறத்தாழ 350 மீட்டர் கீழே இறங்கியிருந்தது. உண்மையாகவே கரைந்திருக்கும் பொருள் நீரைவிட்டுத் தனியாக இறங்க முடியாது. அப்படியானால் இரும்பு மூழ்கும் துகளில் ஏறுகிறது, மீண்டும் கரைகிறது, மறுபடி ஏறுகிறது. கடல் வேதியியலில் இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது.

வேதிவினை ஒருவழிப் பாதையும் இல்லை. மேலெழும் ஊற்றுநீர் சுற்றியுள்ள நீரை இழுத்துக் கலந்துகொண்டே இருநூறு, முந்நூறு மீட்டர் உயர்ந்து, ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு நீர்த்த பிறகே பக்கவாட்டில் பரவத் தொடங்குகிறது. அதிலுள்ள துருத்துகள்கள் கடல்நீரின் பாஸ்பரஸையும் வனேடியத்தையும் ஆர்செனிக்கையும் ஒட்டவைத்து வெளியேற்றுகின்றன. ஊற்று கடலுக்குக் கொடுக்கிறது, கடலிலிருந்து எடுக்கவும் செய்கிறது.

அடுத்து, உயிர்கள் குழாயைச் சுற்றி மட்டும்தான் என்பது. குழாய்ப்புழுக்கள் படத்தில் கண்ணைப் பறிப்பதால், அவற்றுக்கு மேலே மிதக்கும் நுண்ணுயிர்கள் மறைந்துபோயின. கலிபோர்னியா வளைகுடாவின் குவாய்மாஸ் படுகையில் எழும் புகைப்படலத்தில் சப்05 என்னும் பாக்டீரியாக் கூட்டம் கந்தகத்தையும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனேற்றி ஆற்றல் பெறுகிறது. அம்மோனியாவை உண்ணும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களும் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாவும் உடன் உழைக்கின்றன. மாங்கனீசைத் துகளாக்குவதிலும் நுண்ணுயிர்களுக்குப் பங்குண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஊற்றுவாயில் பிறந்து மேலே வந்தவை அல்ல. சாதாரண ஆழ்கடல் நீரில் ஆங்காங்கே இருப்பவையே உணவு கிடைத்ததும் பெருகுகின்றன. சப்05-ஐத் தாக்கும் வைரஸ்களிடமே கந்தகத்தை ஆக்சிஜனேற்றும் மரபணுக்கள் இருப்பது 2014-இல் தெரியவந்தது. இந்தப் புகைப்படலத்தை உயிரற்ற கழிவுநீர் என்று எப்படிச் சொல்வது?

சூரியன் தேவையில்லை என்ற கூற்றுக்கு மறுப்பு ஒரே சொல்லில் இருக்கிறது: ஆக்சிஜன். ஹைட்ரஜன் சல்ஃபைடை எரித்து ஆற்றல் பெறும் உயிருக்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் மேற்பரப்பில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகி, துருவப்பகுதிகளில் மூழ்கும் குளிர்நீரோடு ஆழத்துக்கு வந்தது. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா போன்ற சில, ஆக்சிஜன் இல்லாமலே வாழ்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புழுக்களும் சிப்பிகளும் அவற்றுக்குள் வாழும் பாக்டீரியாவும் சூரியனுக்குக் கடன்பட்டவையே.

அந்தக் கடன் திருப்பிச் செலுத்தவும் படுகிறது. இரும்புப் பஞ்சம் நிலவும் தென்பெருங்கடலில், ஆழத்து ஊற்றுகளின் இரும்பு மேலே வந்து நுண்பாசிப் பெருக்கத்தைத் தூண்டியதை 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. டோங்கா எரிமலை வளைவின் ஆழம் குறைந்த ஊற்றுகள் நைட்ரஜனை நிலைநிறுத்தும் உயிரிகளை ஊட்டி வளர்ப்பதை 2023-இல் இன்னொன்று காட்டியது.

தனித்தீவுக் கதையை இப்போது மறுக்க வேண்டிய அவசரத்துக்குக் காரணம் கடலடிச் சுரங்கம். மத்திய, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மேடுகளில் 10,000 சதுர கிலோமீட்டரில் சல்ஃபைடு கனிமங்களைத் தேட, சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு இந்தியா 2016-இல் ஒப்பந்தம் செய்தது. 2024 டிசம்பரில், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து அந்தப் பெருங்கடலில் 4500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்று ஒன்றைப் படம்பிடித்தன. அங்கே எதைத் தொட்டாலும் விளைவு சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும் என்று யாராவது அறிக்கை எழுதினால், அதை ஏற்காதீர்கள். புகைப்படலம் போகும் தூரம் வரை நீரை அளந்தீர்களா, அதில் வாழும் நுண்ணுயிர்களைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேளுங்கள்.