மெரினாவுக்கு வந்தது எத்தனை பேர்? செல்பி சொல்லும் கணக்கை நம்பலாமா?

சென்னை:
கிண்டி சிறுவர் பூங்காவுக்கு டிக்கெட் உண்டு. எத்தனை டிக்கெட் போச்சு என்று பார்த்தால், எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

மெரினாவுக்கு டிக்கெட் உண்டா? வாசல்தான் உண்டா? காணும் பொங்கல் அன்று "லட்சக்கணக்கில் கூட்டம்" என்று நாங்களே எழுதுகிறோம். எண்ணியது யார்? யாரும் இல்லை! எல்லாம் கண் மதிப்புதான்.

இப்போது வெளிநாடுகளில் வேறு ஒரு வழி பிடித்திருக்கிறார்கள். சமூக வலைத்தளங்களில் ஜனங்கள் போடும் போட்டோக்களைத் திரட்டி, எந்தக் கடற்கரையில், எந்தக் காட்டில், எந்தப் பூங்காவில் எவ்வளவு பேர் பொழுது போக்குகிறார்கள் என்று வரைபடம் போடுகிறார்கள்.

ஒரு ஆள், ஒரு நாள்

செல்போனில் இருப்பிட வசதி திறந்திருந்தால், எந்த இடம், எத்தனை மணி என்ற விவரம் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த விவரத்தோடு படத்தைப் பொதுவில் போட்டால் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். ஒரே ஆள் ஒரே இடத்தில் 50 படம் எடுத்தாலும் அன்றைக்கு ஒரு கணக்குத்தான். செல்பி பைத்தியங்கள் கணக்கைக் கெடுத்துவிடக்கூடாது அல்லவா!

2013-ல் ஸ்பென்சர் வுட் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் பிளிக்கர் தளத்தின் படங்களை வைத்து உலகம் முழுக்க 836 இடங்களை இப்படி எண்ணினார்கள். நேரில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டதில், நம்பலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 2017-ல் பின்லாந்து, தென்னாப்பிரிக்கா தேசியப் பூங்காக்களில் சோதித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கூட்டம் அலைமோதும் பூங்காவில் கணக்கு ஒத்துப்போனது. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் உதைத்தது!

அத்தைக்குப் போகும் படம்

காலை 5 மணிக்கு, கலங்கரை விளக்கத்தில் இருந்து உழைப்பாளர் சிலை வரை வேர்க்க வேர்க்க நடக்கிறாரே பெரியவர், அவர் படமா எடுக்கிறார்? கட்டுச்சோறோடு காணும் பொங்கலுக்கு வரும் குடும்பம் படம் எடுக்கும். ஆனால் அது வாட்ஸ்அப்பில் ஊரில் இருக்கும் அத்தைக்குப் போகும். பொதுவில் வராத படத்துக்குப் புள்ளி கிடையாது.

பெசன்ட் நகர் ஷ்மிட் நினைவுச் சின்னத்தைச் சுற்றிப் புள்ளிகள் குவியும். வடசென்னைக் கடலோரத்தில் வேலை முடிந்து காற்று வாங்குகிற கூலிக்காரருக்கு எத்தனை விழும்? நாளைக்கு இந்த வரைபடத்தைப் பார்த்து விளக்கு, கழிப்பிடம் என்று பணம் ஒதுக்கினால், புள்ளி இல்லாத இடத்துக்குப் பட்டை நாமம்தான்!

உயிர் காக்குமா?

அதற்காக வரைபடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலில் மூழ்கியவர்கள் செய்தியை எழுதி எழுதிக் கை சலித்தவன் நான். செல்பி எடுக்கப் போய் 2014 மார்ச் முதல் 2016 செப்டம்பர் வரை உலகில் 127 பேர் செத்ததாக டில்லி, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். அதில் 76 பேர் இந்தியாவில்! அலை ஓரத்தில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் படங்கள் குவிகின்றன என்று தெரிந்தால், உயிர் காக்கும் வீரரை அங்கே நிறுத்தலாமே.

அதிலும் ஒரு சிக்கல். கேம்பிரிட்ஜ் அனாலிடிகா விவகாரம் வெடித்த பிறகு, 2018-ல் இன்ஸ்டாகிராம் வெளியாருக்குத் தகவல் தரும் கதவைச் சாத்தியது. டுவிட்டரும் 2023-ல் இலவசத்தை நிறுத்தியது. தராசு கம்பெனிக்காரன் கையில். அவன் பூட்டினால் எடை போட முடியாது.

வரைபடம் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு காணும் பொங்கல், இரண்டு நாள் போதும். மெரினாவில் நாலு இடம், வடசென்னைக் கடலோரத்தில் நாலு இடம். இடத்துக்கு இரண்டு பேரை விடியற்காலை முதல் இரவு வரை நிறுத்தித் தலையை எண்ணச் சொல்லட்டும். ஆகும் செலவு 16 பேருக்கு இரண்டு நாள் கூலியும் டீக்காசும்தான். அந்தக் கணக்கைப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் யார் விடுபட்டார்கள் என்று தெரிந்துவிடும்.