திறந்த வடிகட்டியும் மூடிய பெட்டியும்

தொழிற்சாலையில் பொருத்திய காற்று வடிகட்டியைப் பெட்டியோடு கழற்றிவிட்டு, கடையில் விற்கும் கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றைக் காரின் என்ஜினில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம் நகரங்களில் காணப்படுகிறது. காற்று தடையின்றிப் புகும், சக்தி பெருகும் என்பர் மெக்கானிக்குகள். சட்டத்திற்கு அஞ்சுவோர் அதன்மேல் தகரப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, இனி ஆட்சேபம் இராது எனத் திருப்தி அடைகின்றனர். பெட்டி வேண்டும் என்பதே என் அபிப்பிராயமும். ஆனால் எத்தகைய பெட்டி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றும் எரியச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். திறந்த வடிகட்டி இக்காற்றை என்ஜினும் ரேடியேட்டரும் சூழ்ந்த வெப்பமான இடத்திலிருந்து இழுக்கிறது. 30 டிகிரி சென்டிகிரேடு காற்று 60 டிகிரிக்கு ஏறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு குறையும். நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியில், வாங்கிய சக்தி இவ்வாறே கரைந்துவிடுகிறது. வெளிக் காற்றைக் குழாய் மூலம் கொணரும் பெட்டியே இக்குறையைத் தீர்க்கும்.

பெட்டி ஓசையையும் அடக்குகிறது. வால்வுகள் திறந்து மூடுந்தோறும் காற்றில் எழும் அதிர்வே அந்த உறிஞ்சும் ஓசை. வெறும் சீசாவின் வாயில் ஊதிக் காட்டினால், குழாயும் கூடுமாக அமைந்த ஒரு பொருள் குறிப்பிட்டதொரு சுருதிக்கு இசைவதை மாணவர்கள் உணர்வார்கள். இத்தத்துவத்தைக் கொண்டே தொழிற்சாலையார் பெட்டியின் கொள்ளளவையும் குழாயின் நீளத்தையும் நிர்ணயிக்கின்றனர்.

இவற்றினும் முக்கியமானதைப் பலர் கவனிப்பதில்லை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, எரியாத பெட்ரோல் ஆவியும் எரிந்த வாயுவும் சிறிதளவு கிராங்கு அறையினுள் கசிவது எந்த என்ஜினிலும் தவிர்க்க இயலாதது. முற்காலத்தில் இவை அப்படியே வெளியே விடப்பட்டன. அவற்றை என்ஜினுக்கே திருப்பி எரிக்கும் ஏற்பாடு 1960களின் தொடக்கத்தில் காலிபோர்னியாவின் புதிய கார்களில் இடம்பெற்றது. இன்றைய கார்கள் பலவற்றில் இதற்கான ரப்பர்க் குழாய் ஒன்று வடிகட்டிப் பெட்டியிலோ அதையடுத்த குழாயிலோ வந்து சேர்கிறது. பெட்டியைக் கழற்றியதும் அது போக்கிடமின்றி நிற்கிறது. பட்டறைக்காரர் அதன் நுனியில் சிறு தொப்பி போன்ற வடிகட்டியைச் செருகுகிறார், அல்லது வெறுமனே தொங்க விடுகிறார். இவ்வாவி பிறகு வீதிக் காற்றில் கலக்கிறது. மாசுச் சோதனையில் கருவியைச் செருகுவது புகைபோக்கியில் மட்டுமே. ஆகவே தொங்கும் குழாய் அகப்படாது, சான்றிதழும் கிடைத்துவிடும்!

சட்டத்தைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுதல் கூடாது என்கிறது. வடிகட்டி சான்றிதழில் குறிக்கப்படுவதன்று என வாதிப்போர் உண்டு. ஆயின் ஓசைக்கும் காற்று மாசுக்கும் உரிய தரங்களை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது 190ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. காலிபோர்னியாவிலோ, மாசுக் கட்டுப்பாட்டைத் தொடும் மாற்று உறுப்பு ஒவ்வொன்றும் அங்குள்ள காற்று வள வாரியத்தின் விலக்கு உத்தரவு எண்ணைப் பெற்றாக வேண்டும். எண் பெறாத வடிகட்டியை எந்தப் பெட்டியில் மூடினும் அங்கே செல்லாது. இம்முறையே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

ஆதலின் பெட்டி செய்விப்போர் முதலில் அந்த ரப்பர்க் குழாயைப் பழைய இடத்திற்கு ஒப்பான இடத்தில், வடிகட்டிக்கும் என்ஜினுக்கும் இடையே, கசிவின்றி இணைக்கட்டும். காற்று புகும் வாய் பழைய வாயினும் குறுகலாகாது. குளிர்ந்த காற்றை நாடி அவ்வாயைப் பம்பருக்குக் கீழே தாழ்த்துவதும் ஆபத்து. மழைக்காலத்தில் தேங்கிய நீரை என்ஜின் உறிஞ்சினால், நீர் அமுங்காதாகையால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். மண் சாலைகளில் செல்லும் களப்பணி வண்டிகளுக்குத் தொழிற்சாலைப் பெட்டியை மாற்றாதிருப்பதே உத்தமம்.